மூணு தார்ப்பாய்

"மூணு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். மூணு இருந்தும் என் சிமெண்ட் நனைஞ்சிருக்கு."

காலையிலிருந்து மங்களாம்பிகை இதை ஐந்தாவது தடவையாகச் சொன்னாள். வார்த்தை மாறவில்லை. சத்தம்தான் தடவைக்கு ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் சாமிதுரை துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பாபநாசத்தில் பாதி எழும்பியிருந்த மங்களாம்பிகையின் புது வீடு அவருக்குப் பின்னால். அதற்கும் பின்னால் எண்பது மூட்டை சிமெண்ட், இரண்டு நாள் மழையில் ஊறி, எண்பது பாறாங்கல்லாகக் கிடந்தது.

"மாசி மாசத்துல மழை வரும்னு யார் கண்டா? ஒத்துக்கறேன். மூடி வெச்சதைத் திறந்தது யாரு? ரெண்டு நாள் வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தார்ப்பாய்க்குக் கால் முளைச்சிடுச்சா?"

"இருக்குதுங்கம்மா."

"எங்கே இருக்கு?"

சாமிதுரை, மங்களாம்பிகையின் கணவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே தூண்.

"அவரை ஏன் பார்க்கறே? அவருக்கு வாய் இருக்குன்னு எனக்கே கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க வந்திருந்த முபாரக், ஒரு மூட்டையைப் பேனாவால் குத்திப் பார்த்தார். பேனாதான் வளைந்தது.

"மேடம், கட்டுற வீட்டுக்கும் சாமானுக்கும் சேர்த்துதான் பாலிசி. மழைச் சேதமும் உண்டு. ஆனா சிமெண்ட்டை மூடி வெச்சிருக்கணும். வீட்டுக்காரங்களே திறந்து விட்டா கம்பெனி தராது."

"நாங்க எதுக்கு சார் திறக்கறோம்? திறந்தவன் இதோ நிக்கறான். இந்தப் பணம் வந்தாத்தான் மேல் தளம். இல்லேன்னா சித்திரையில குடிபோறப்போ தலைக்கு மேல ஆகாசம்தான்." சட்டென்று சாமிதுரையிடம் திரும்பினாள். "உனக்கு ஒரு ஏக்கர் குத்தகை நிலம் இருக்கில்ல? அறுத்தாச்சா?"

"ஆச்சுங்க."

"நெல்லு எங்கே?"

"கொள்முதல் நிலையத்துலங்க. இன்னும் எடை போடல. நாலு நாளா வரிசையில கிடக்கு."

"வெட்டவெளியிலதானே?"

"ஆமாங்க."

கேஸை ஜெயித்த வக்கீல் மாதிரி முபாரக்கைப் பார்த்தாள் மங்களாம்பிகை.

"எழுதிக்கங்க சார். என் தார்ப்பாய்க்குள்ள அவன் நெல்லு சொகுசாத் தூங்கியிருக்கு. எங்க கான்வென்ட்டுல ஒரு பென்சிலை எடுத்தாலே சிஸ்டர் மத்தியானம் வரைக்கும் முட்டி போட வெப்பாங்க. இங்கே மூணு தார்ப்பாய். போதும்ப்பா சாமிதுரை, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். ஆனால் நகரவில்லை.

முபாரக் செல்போனை எடுத்தார். "தார்ப்பாய் காணோம், பேர் எழுதியிருக்கும்னு போன்ல சொன்னீங்க இல்லையா? வர்ற வழியில அந்தக் கொள்முதல் நிலையத்தைத் தாண்டித்தான் வந்தேன். கண்ணுல பட்டுது, ஒரு படம் எடுத்தேன். உங்களோடதா பாருங்க."

நீலத் தார்ப்பாயில் வெள்ளை பெயிண்ட்டில் 'மங்களம்' என்று இருந்தது.

"என் கையெழுத்தேதான். நான் சொன்னேனா இல்லையா?"

"குவியல்ல ஒரு அட்டை குத்தியிருக்கு மேடம். அதையும் படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். *பஞ்சநதம். வரிசை எண் 37.*

தூண் தட்டும் சத்தம் நின்றது.

"வேளாங்கண்ணியிலேர்ந்து நான்தான் சாமிதுரைக்குப் போன் பண்ணினேன்" என்றார் பஞ்சநதம், தூணிடம். "ஊர்ல தூறல் ஆரம்பிச்சுடுச்சுன்னாங்க. மூணையும் எடுத்துட்டுப் போய் நம்ம நெல்லை மூடுன்னு சொன்னேன். சும்மா தூறிட்டுப் போயிடும், சிமெண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்."

மங்களாம்பிகைக்குச் சுதாரிக்க மூன்று வினாடி போதும்.

"நம்ம நெல்லா? நல்ல காரியம்தானே, சொல்றதுக்கென்ன? ஏன் சாமிதுரை, நீயாவது வாயைத் திறக்கக் கூடாதா? சரி, போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா." பிறகு முபாரக்கிடம், வேறொரு குரலில், "சார், தார்ப்பாய் காத்துல பறந்துடுச்சுன்னு எழுதிக்கலாமே."

"பறந்து, மூணு கிலோமீட்டர் போய், உங்க நெல்லாப் பார்த்து மூடிக்கிச்சுன்னு எழுதவா மேடம்?"

பஞ்சநதத்துக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக்கிக்கொண்டார்.

டீக்குக் கிளம்பிய சாமிதுரை பாதியில் நின்றார். முபாரக்கின் கையிலிருந்த ஃபாரத்தையே பார்த்தார்.

"சார், அதுல நனைஞ்ச நெல்லுக்கு இடம் இருக்குங்களா?"

"எந்த நெல்லு?" என்றாள் மங்களாம்பிகை. "நம்ம நெல்லுதான் நனையலையே."

"மூணு தார்ப்பாயும் உங்க குவியலுக்கே சரியாப்போச்சுங்கம்மா. பக்கத்துல கிடக்கறது என்னோடது, முளை விட்டுடுச்சு. ஒரு வரி எழுதிக்கங்க சார்."