நாமினி பெயர்

“கல்யாணமே ஆவலியே, எனக்கு எதுக்கு சார் பாலிசி?” என்று மூன்று மாதமாக நழுவிக்கொண்டிருந்த காஞ்சிபுரம் பட்டுச் சொசைட்டி கிளார்க் தரணேந்திரனை, ஒருவழியாக டாக்டரிடம் இழுத்து வந்துவிட்டார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அப்பாண்டைராஜ்.

டாக்டர் எடை, மார்பளவு, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். கேள்வி கேட்டதென்னவோ ஏஜெண்ட்தான்.

“குடி, சிகரெட்டு ஏதாச்சும் உண்டாப்பா?”

“நம்ம ஜைன வூட்ல பொழுது சாஞ்சா சோறே கிடையாது. குடி எங்க சார்?”

“ஆள் கல்லு மாதிரி இருக்கார்,” என்று கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

படிவத்தில் நாமினி பெயர்தான் பாக்கி. அம்மா பெயரை எழுதப் பேனாவைத் திறந்தான் தரணேந்திரன். அப்பாண்டைராஜ் அதை வாங்கிக்கொண்டு பென்சிலை நீட்டினார்.

“இதுல எழுதுப்பா. உங்கம்மா சரின்னா, தையில அழிச்சிட்டு என் பொண்ணு குணமாலா பேர எழுதிக்கலாம்.”

தரணேந்திரன் அம்மா பெயரை அழுத்தாமல் எழுதினான்.