பெயர் போடாத கதை

“‘அவர் வருவார் என்று வாசலைப் பார்த்தேன். வாசலும் என்னைப் பார்த்தது.’ பாவம், வாசலுக்கு வேற வேலை இல்ல போல!”

அறிவிப்பாளர் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். நூலகக் கூடமே குலுங்கிச் சிரித்தது.

கடைசி வரிசையில் அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகவே அவள் இப்படித்தான். என்னவென்று கேட்டால் தலைவலி என்பாள். அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவர் வேலை. அந்தக் குரலுக்காகவே, மாதக் கடைசி ஞாயிறு நடக்கும் இந்த வாசிப்புக் கூட்டத்தில் அவரை மேடையேற்றியிருந்தார்கள். எழுதுகிறவர்கள் பெயர் போடாமல் கதையைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நூலகரே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைப்பார். அதிலிருந்து ஒன்றை எடுத்து அறிவிப்பாளர் வாசிப்பார்.

நல்ல கதை கிடைத்தால் அடக்கமாக வாசிப்பார். சுமாரான கதை கிடைத்தாலோ விடமாட்டார். இழுத்து, நீட்டி, மூக்கால் பேசி, எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிடுவார். அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு.

இன்றைக்குக் கையில் சிக்கியது சுமாரான கதை. ஒரு பெண் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதாக இருந்தது.

“‘வந்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். அன்றைக்கு நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.’ பாத்தீங்களா, துண்டுக்குக்கூட ஒரு வேஷம் குடுத்துட்டாங்க!”

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரிக்குப் போனார்.

“‘உனக்கு இன்றைக்கு எப்படிப் போனது என்று இருபது வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று தினமும் ஏதாவது ஒன்றை எடுத்து வைப்பேன். விளக்கை அணைப்பதற்குள் அதுவும் ஆறிப்போய்விடும்.’”

கூட்டம் அவர் வாயையே பார்த்தது. அவருக்குக் கேலி வரவில்லை.

உப்புத் தண்ணீர். குரல் கெடாமல் இருக்க அவரும் அதைத்தான் செய்கிறார். காலையில் கட்டிலில் வீசிவிட்டு வந்த துண்டு இந்நேரமும் அங்கேதான் கிடக்கும். கல்யாணமாகி இருபது வருஷம் என்பதும் சரியாகத்தான் இருந்தது.

மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. வீட்டில் அவள் பேனா பிடித்து அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லையா, கவனித்ததில்லையா? காது மடல்கள் சுட்டன. ஓர் ஊர் ரயிலை இன்னோர் ஊருக்குத் தவறாக அறிவித்த நாளில்கூட அவருக்கு இப்படி உடம்பு கூசியதில்லை.

“மன்னிக்கணும். மொதல்லேர்ந்து வாசிக்கிறேன்” என்றார்.

இந்த முறை இழுக்கவில்லை, நீட்டவில்லை. வாசல் வரியில் யாரும் சிரிக்கவில்லை. துண்டு வரியில் முன் வரிசைப் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். முடித்ததும் கைதட்டல் எழ நேரம் பிடித்தது. எழுந்த பிறகு அடங்கவும் நேரம் பிடித்தது.

அவர் ஒலிவாங்கியை விடவில்லை.

“இந்தக் கதைய நான் கேவலப்படுத்திட்டேன். இத எழுதினது என் சம்சாரம். அந்தத் துண்டு என்னோடதுதான். உங்க எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

தலைகள் எல்லாம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மூன்றாம் வரிசையில், தொப்பையும் பெரிய மீசையுமாக ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அது நான் எழுதினது.”

“நீங்களா?”

“லாரி ஓட்டறேன் சார். ரோட்டுப் புழுதி தொண்டையில இருக்குமா, வீட்டுக்குப் போனதும் கொப்பளிப்பேன். அப்புறம் நான் மட்டுந்தான் பேசுவேன். ஒருநாள் என் சம்சாரம் எடத்துல என்னை வெச்சு யோசிச்சுப் பாத்தேன். மனசு கேக்கல, எழுதிட்டேன். வாசல் கீசல்னு என்னமோ வந்துடுச்சு.”

நூலகர் ஆமாம் என்று தலையாட்டினார். பின்னாலிருந்து ஒருவர், “எங்க வீட்டுக் கட்டிலும் ஈரந்தாங்க!” என்று கத்த, கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. அறிவிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். ஓட்டுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியவராக மனைவியிடம் வந்தார்.

“அப்பாடா! உன்னோடதுன்னு நெனச்சு எனக்கு உசுரே போயிடுச்சு.”

“ம்.”

“அதான் நீ எழுதலன்னு ஆயிடுச்சே. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?”

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“என்னோடத நீங்க போன மாசமே வாசிச்சுட்டீங்க.”