கூட்டலுக்குப் போட்ட நேர் லைன்

மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்பே தன் கம்ப்யூட்டர் எடையைக் கூட்டிச் சொல்லிவிடும் என்று சோலைமலை போடி முழுக்கத் தமுக்கடித்துவிட்டார்.

ஊரே வாயைப் பிளந்து கேட்டது. மருமகள் சிவரஞ்சனி மட்டும் நம்பவில்லை. வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள் அவள்.

சோலைமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருடம் ஒயர் முறுக்கி ரிட்டயரானவர். இப்போது மகனின் ஏலக்காய்க் கடைப் புரோகிராமில் கை வைத்திருந்தார்.

ஒரு மாதமாக மூட்டைகளின் எடைப் பட்டியல் வர அரை மணி நேரம் ஆகிறது. பத்து மணிக்குள் அதை ஏலத்துக்குப் பதிந்தாக வேண்டும்.

காரணத்தை அவர் பிடித்துவிட்டாராம். கூட்டல் அந்தக் கம்ப்யூட்டர் மொழியோடு கூடப் பிறந்த வேலை. இருந்தும் 'கூட்டு' என்ற கட்டளையைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு யாராவது வேறு அர்த்தம் எழுதிவைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு ஒன்பது கோடி விசாரணை என்று அடித்துவிட்டார்.

அதனால், எக்ஸ்சேஞ்சில் கலெக்டருக்குப் போடுவதுபோல, கூட்டலுக்கு விசாரணையே இல்லாத நேர் லைன் போட்டார்.

விசாரணைக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது என்றாள் சிவரஞ்சனி. அர்த்தத்தை யாராவது மாற்றியிருந்தால் நேர் லைனுக்குத் தெரியாது. ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டாவது போகச் சொல்லுங்கள் என்றாள்.

"நம்ம வீட்டுக் கூட்டலை எவன் மாத்தப் போறான், ஆத்தா?"

ஒன்பதரைக்குப் பட்டனைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து விழுந்தது. மீசையைத் தடவிக்கொண்டே ஏல ஆபீசுக்கு அனுப்பப் போனார்.

சிவரஞ்சனி தடுத்தாள். பட்டியலில் ஏலத்தோட்டக்காரர் பொன்னுமணி பெயரைக் காணோம். குரங்கணி மலையிலிருந்து ஜீப்பில் வரும் அவருடைய ஆறு மூட்டையும் இன்று விட்டுப்போனால் அடுத்த ஏலம் வரை கிடக்க வேண்டியதுதான்.

புரோகிராமை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் கை நின்றது. காது சிவந்தது.

போன மாதம் ஒரு ஜீப்பு லோடு இப்படித்தான் விட்டுப்போனது. அன்றைக்கே, எல்லா லோடும் எடை போட்டு முடியும்வரை பொறுத்திருந்து கூட்டச் சொல்லி 'கூட்டு'க்குப் புது அர்த்தம் ஒருவர் எழுதியிருந்தார். எழுதிவிட்டு அதை மறந்தும் போயிருந்தார்.

கீழே அவள் பெயரே இருந்தது.

சத்தமில்லாமல் நேர் லைனைப் பிடுங்கினாள். பொன்னுமணிக்குப் போன் போட்டாள். ஜீப்பு போடிக்குள் நுழைந்துவிட்டதாம்.

பிறகுதான் மாமனார் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது வாஸ்தவந்தான் மாமா. மூட்டை தராசுல ஏறுறதுக்கு முந்தியே கூட்டிருச்சு."