முயலுக்கு நாலு வழி

முயலுக்கு இன்றைக்கும் கேரட் கிடைக்கவில்லை. சான்ட்ராவின் பென்சில் எங்கும் தயங்காமல் வளைந்து வளைந்து போய்க் கடைசியில் கிணற்றில் இறங்கியது. ரப்பருக்கு வேலையே இல்லை.

லியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தில் இருப்பதே நாலு வழி. ஒன்று கேரட்டுக்கு, ஒன்று நரிக்கு, ஒன்று வேடனுக்கு, ஒன்று கிணற்றுக்கு. பத்து வயதுப் பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது?

அடுத்த பக்கத்தைத் திருப்பினான். ஆடு, மாடு, எருமை, மீன். இவற்றில் சேராதது எது? சான்ட்ரா யோசிக்கவே இல்லை. எருமைக்கு டிக் போட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

குவைத்திலிருந்து லீவில் வந்த நாள் முதல் இதே கூத்துதான். தஞ்சாவூர், கும்பகோணம் என்று கடை கடையாக ஏறி இறங்கி, குழந்தைகளுக்கான புதிர்ப் புத்தகங்களை ஒரு கட்டு வாங்கி வந்திருந்தான் லியோ. தஞ்சாவூர் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலோடு இடம் வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் கேட்பதெல்லாம் இந்த மாதிரிப் புதிர்கள்தான் என்று விசாரித்து வைத்திருந்தான்.

அந்த ஓர் இடத்தை நம்பித்தான் எல்லாமே இருந்தது. அவன் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் மனைவி அனிட்டாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் ஏறாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று ஏஜென்ட் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தான்.

பிள்ளையை அங்கே கூட்டிப்போய்ப் படிக்கவைக்க இரண்டு சம்பளமும் போதாது. இங்கே சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளியில் விட்டுப் போகலாமென்றால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இத்தனை வருஷம் தனியாகப் பொங்கித் தின்றது லியோவுக்கு வெறுத்துப்போயிருந்தது.

"நீ பாஸ் பண்ணாத்தான் அம்மா என்னோட வர முடியும். புரியுதா?"

சான்ட்ரா சமர்த்தாகத் தலையாட்டினாள். ஆட்டிய கையோடு தீக்குச்சிக் கணக்கையும் தப்பாகப் போட்டாள்.

அவள் கையில் குடத்தைக் கொடுத்துத் தெருக்குழாய்க்கு விரட்டிவிட்டு, லியோ அடுப்படிக்குப் போனான்.

"என்ன பிள்ளை வளத்து வச்சிருக்கே? கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாக்கூட நாலுல ஒண்ணு தேறும். இவளுக்கு அதுவும் தேறலை."

பள்ளிக்கூடத்தில் அவள் எப்போதும் முதல் ரேங்க் என்று அனிட்டா விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பாள், அதற்கு மூளை எதற்கு என்று அவள் வாயை அடைத்தான் லியோ. அனிட்டா சோற்றுப் பானையைச் சத்தமாக இறக்கி வைத்தாள்.

தேர்வு அன்று கான்வென்ட் வராந்தாவில் லியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் போன பிறகு, தலைமையாசிரியை சிஸ்டர் பாத்திமா மேரி இவர்கள் மூவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

மேஜைமேல் சான்ட்ராவின் விடைத்தாள் கிடந்தது. மேலிருந்து கீழ்வரை முப்பது கேள்விக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறிதான். ஓர் இடத்தில்கூட 'சரி' இல்லை.

விசாவும் போயிற்று, வேலையும் போயிற்று. இனி எப்போதும்போல ஒற்றை ஆளாகத்தான் விமானம் ஏற வேண்டும். லியோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"எவ்வளவோ சொல்லிக் குடுத்துப் பாத்தேன் சிஸ்டர். சரியான மக்குங்க இது."

சிஸ்டர் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"தெரியாத பிள்ளையா இருந்தா, குத்துமதிப்பாப் போட்டதுலயே ஏழெட்டு சரியா விழுந்திருக்கும். ஒண்ணுகூட விழலைன்னா என்ன அர்த்தம்? எல்லாத்துக்கும் சரியான பதில் தெரிஞ்சு, அதை மட்டும் பாத்துப் பாத்து ஒதுக்கியிருக்கா. இவளுக்கு இடம் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

அடுப்படியில் தான் கத்தியது லியோவுக்கு நினைவு வந்தது. தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அது தன் புத்திக்கு எட்டவில்லையே என்றிருந்தது.

திங்கட்கிழமை பெட்டி படுக்கையோடு வந்துவிடும்படி சிஸ்டர் சொன்னார். வந்த புதிதில் எல்லாப் பிள்ளைகளும் அழத்தான் செய்வார்கள், போகப்போகச் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

கேட்டது கிடைத்தும் லியோவால் சந்தோஷப்பட முடியவில்லை. மகளைத் திட்டிய திட்டெல்லாம் நெஞ்சில் குத்தியது. ஆனாலும் விசாவை வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சான்ட்ரா அழவில்லை. அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள். பூதலூர் தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

"ஏழெட்டு சரியாப் போட்டிருக்கணும்மா."