மாதுளையடிக் கல்

தோட்டக்காரர் கருத்தக்கண்ணன், முற்றத்தில் வாடி நிற்கும் மாதுளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். உள்ளே இன்னும் பச்சை இருக்கிறது. வேரில் புழுவும் இல்லை, அழுகலும் இல்லை. மண்தான் சாம்பலாக உதிர்கிறது. “சீக்கு இல்ல ஆத்தா, தாகம். தண்ணி ஊத்துறத யாரு நிறுத்துனது?” கணவர் மவுத்தாகி நாற்பது நாளாக வெளி ஆண்கள் முன் வராமல் இத்தா இருக்கும் அம்சத் பீவி, கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்கிறாள்: “மரத்துக்குன்னு யாரும் ஊத்துனதில்லையே. அவுக மரத்தடியில அந்தக் கல்லுல உக்காந்து, அஞ்சு வேளைத் தொழுகைக்கும் கை கால் கழுவி ஒளு செய்வாக. அம்புட்டுதான்.” கருத்தக்கண்ணன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார். மலைக்காற்றில் சருகு ஒன்று கல்லின்மேல் விழுகிறது. சாய்ந்த வெயிலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கிறது. நாற்பது நாளாகக் கவிழ்ந்தே கிடந்த கணவரின் கிண்டியை நிமிர்த்தித் தண்ணீர் மொண்டுவந்து அவள் அந்தக் கல்லில் உட்காருகிறாள். மூன்று தடவை கழுவ வேண்டிய கையை, கிண்டி காலியாகும்வரை கழுவிக்கொண்டே இருக்கிறாள்.