கொடுத்து வைத்தவள்

"ஒண்ணு இந்தச் சாப்பாட்டு நோட்டு பொய் சொல்லணும், இல்ல இந்தத் தராசு பொய் சொல்லணும். எதும்மா?"

டயட்டீஷியன் கேட்டபோது அந்த அம்மா தராசிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையை முழுதாக எடுத்து மூன்று மாதம் ஆகிறது. அன்று நாற்பத்தேழு கிலோ. இன்று நாற்பதே கால். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று பெரிய டாக்டர் கோப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"எனக்குத்தான் மேடம், தண்ணி குடிச்சாலும் எடை ஏறுது" என்று சிரித்தார் கணவர். நோயாளிக்கான நாற்காலியில் அவர் வசதியாக உட்கார்ந்திருந்தார். தராசிலிருந்து இறங்கிய கையோடு கைப்பையும் கோப்பும் மனைவியிடமே திரும்பியிருந்தன. "இவளுக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு நாளைக்கு ஆறு வேளைச் சாப்பாடு! யாருக்குக் கிடைக்கும்? கொடுத்து வச்சவ."

டயட்டீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபம் வந்தால் அவள் கத்துகிற ஆள் இல்லை, விளக்குகிற ஆள். ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தாள்.

"இரைப்பைங்கிறது கடைக்குப் பின்னாடி இருக்கிற கிடங்கு மாதிரி சார். வர்ற சரக்கை வாங்கி வச்சு, அரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள அனுப்பும். இவங்களுக்கு அந்தக் கிடங்கையே எடுத்தாச்சு. உணவுக்குழாயை நேராக் குடலோட சேர்த்துத் தச்சிருக்காங்க. ஒரே மூச்சுல நிறைய இறக்கினா குடல் திணறிடும். படபடப்பு, வேர்வை, மயக்கம் எல்லாம் வரும். அதனாலதான் கொஞ்சமா, குழைவா, ஆறு தடவை. அதுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாக்கூடக் கடை காலி. புரியுதா?"

"நல்லாப் புரியுது" என்றார் கணவர். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

நோட்டு டயட்டீஷியனே யோசித்து அச்சடித்தது. வார்டில் மருந்துக்குப் போடுவதுபோல மூன்றே கட்டம்: நேரம், கொடுத்தது, அளவு. குழப்பமே வராது என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த அம்மாவின் நோட்டில் ஒருநாள்கூட விடுபடவில்லை. ஏழு மணி, முட்டை இரண்டு. எட்டேகால், பால் ஒரு டம்ளர். பதினொன்று, கஞ்சி, நன்றாகக் குழைத்தது. ஒன்றரை, சோறு, மீன் முள் எடுத்தது. நாலரை, வாழைப்பழம் மசித்தது. ராத்திரி எட்டு, பருப்பும் சோறும். கூட்டிப் பார்த்தால் ஆள் தேறியிருக்க வேண்டும்.

இந்த ஒருவர் மட்டுமா? இதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் நோட்டுகள் அவள் அலமாரியில் இரண்டு அடுக்காக இருந்தன. ஆண்களின் நோட்டுகளில் மனைவிமாரின் கையெழுத்து. மூன்றாம் மாதம் எடை ஏறத் தொடங்கியிருந்தது. பெண்களின் நோட்டுகளில் அவரவர் கையெழுத்து. எடை இறங்கிக்கொண்டே போனது. இரண்டையும் காலையில்தான் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பொம்பளைங்க உடம்பு வாகு அப்படிம்மா" என்றார் அவர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடல் என்ன சார், ஆம்பளையா பொம்பளையான்னு விசாரிச்சுட்டா சத்தை உறிஞ்சும்?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சூடு இன்னும் அடங்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. வாந்தி வருதா? வயித்தால போகுதா? இல்ல, எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு நோட்டுல மட்டும் எழுதறீங்களா?"

"ஐயோ, சாப்பாட்டைக் கொட்டுவேனா மேடம்? அதுல இருக்கிறது ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

"பொய் சொல்லத் தெரியாது இவளுக்கு" என்று நற்சான்று வழங்கினார் கணவர்.

அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு மனைவியிடம் நீட்டினார். "அப்பாதான். கஞ்சி எங்கன்னு கேக்கறாரு."

"அடுப்புக்குப் பக்கத்துலயே மூடி வச்சிருக்கேன் மாமா... இல்ல மாமா, கட்டியெல்லாம் இல்ல, நல்லாக் குழைச்சுத்தான் வச்சிருக்கேன்... தோ, வந்துடறேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. டயட்டீஷியனின் விரல் நோட்டில் பதினொரு மணி வரியில் போய் நின்றது.

"இந்தக் கஞ்சி யாருக்கும்மா?"

"மாமாவுக்கு. அவருக்குப் பல்லு இல்லையே."

"முள்ளு எடுத்த மீன்?"

"சின்னவளுக்கு. ஒருதடவை தொண்டையில சிக்கிடுச்சு, அதுலேருந்து பயம்."

"ஏழு மணி முட்டை?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது உங்களுக்குன்னு குடுத்த நோட்டும்மா!" டயட்டீஷியனின் குரல் அன்றுதான் அந்த அறைக்கு வெளியே கேட்டது. "இதுல நீங்க சாப்பிட்டது எங்க?"

அந்த அம்மா நோட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி, அச்சடித்திருந்த நடுக்கட்டத்தின் தலைப்பில் விரலை வைத்தார்.

"மேல 'கொடுத்தது'ன்னுதானே மேடம் போட்டிருக்கீங்க? நான் கொடுத்ததையெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டேன். எனக்குத்தான் யாரும் எதுவும் கொடுக்கலையே."