அப்பாவுக்கும் இருக்குமாம்

“பிள்ளையின்ரை அப்பா வரேல்லையோ?” என்று கண் டொக்டர் கேட்டார்.

“அவர் கொழும்புக்குப் போயிட்டார் சேர்,” என்று ஜெசிக்கா கண்ணிமைக்காமல் பொய் சொன்னாள். அந்த அப்பா டிலோஜனோ ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, வேப்பமர நிழலுக்காக ஒரு கழுதையோடு போட்டி போட்டுக்கொண்டு நின்றான்.

கொஞ்சம் முன்னர் கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். அதற்குள் டொக்டர் சொன்ன விளக்கம் அவளைக் குலைத்துப் போட்டுவிட்டது.

மகள் றொஷேல் பள்ளிக்கூடத்தில் இலைக்கெல்லாம் மண்ணிறம் அடிக்கிறாள் என்று ரீச்சர்தான் இங்கே அனுப்பியிருந்தா. டொக்டர் நிறப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். தாய்க்குப் பளிச்சென்று தெரிந்த இலக்கங்களைத் தேடிப் பிள்ளை திருதிருவென்று விழித்தது.

“சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. வேற பிழை ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ. இது பரம்பரையா வாறது,” என்றார் டொக்டர். “பொடியங்களுக்குத்தான் கூடுதலா வரும். பொம்பிளைப் பிள்ளைக்கு வாறதெண்டா தாய் தகப்பன் ரெண்டு பேரிட்டை இருந்தும் வரவேணும். உங்களிட்டை வெளியில தெரியாமல் ஒளிஞ்சிருக்கும். தகப்பனுக்குக் கட்டாயம் இருக்கும்.”

“அவருக்கு இல்லாட்டி?”

“இல்லாமல் இராது அம்மா,” என்று அவர் சிரித்தார். அதன் பிறகுதான் தகப்பனைப் பற்றி விசாரித்தார்.

ஜெசிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. டிலோஜன் கொழும்பு பஸ் ஓடுகிறவன். கண்ணைச் சோதிக்காமலா அவனுக்கு பஸ் லைசன்ஸ் கொடுத்திருப்பார்கள்? தகப்பனுக்குக் கட்டாயம் இருக்கவேண்டிய ஒன்று அவனிடம் இல்லையென்றால், ஊர் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் சொல்லும்.

கலியாணம் முடித்த கையோடு கத்தாருக்குப் போனவன் அவன். றொஷேல் நாள் தள்ளிப் பிறந்தபோது, மாமி விரல் மடக்கி மாதக் கணக்குப் பார்த்ததை ஜெசிக்கா இன்னும் மறக்கவில்லை. அவள் ஒரு பிழையும் விடவில்லை. அது அவளுக்குத் தெரியும், பள்ளிமுனைக் கோயிலில் இருக்கும் புனித லூசியம்மாளுக்கும் தெரியும். ஆனால் லூசியம்மாளே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் மாமி நம்பப்போவதில்லை.

“என்னவாம்?” என்றான் டிலோஜன், அவர்கள் வெளியே வந்ததும்.

“கண்ணாடி ஒண்டும் தேவையில்லையாம்.” மகள் வாயைத் திறக்குமுன் அவள் கையைப் பிடித்து ஒரு அமத்து அமத்தினாள்.

வழியில் மீன் சந்தையில் இறங்கினார்கள். “செவிளைப் பாருங்கோ தம்பி, இப்பதான் கரைக்கு வந்தது,” என்று பைறூஸ் நானா ஒரு பாரையை விரித்துக் காட்டினார். டிலோஜன் செவிளைப் பார்க்கவில்லை. எப்போதும்போல விரலால் அமத்தி, மூக்கடியில் பிடித்து மணந்துவிட்டுப் பைக்குள் போட்டான். வேறொரு நாளென்றால் ஜெசிக்கா அதற்கு அவனைப் பகிடி பண்ணியிருப்பாள்.

மோட்டார் சைக்கிள் கடற்கரைப் பக்கம் திரும்பியபோது, இருவருக்கும் நடுவில் இருந்த றொஷேல் தகப்பனின் முதுகைத் தட்டினாள்.

“அப்பா, எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதாம். உங்களுக்கும் கட்டாயம் இருக்குமாம். அடுத்தமுறை உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

வண்டி ஒருதரம் ஆடி நேரானது. கண்ணாடியில் தெரிந்த அவன் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் இருந்த ஜெசிக்கா அவன் தோளில் வைத்த கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

வந்ததும் வராததுமாக மகளைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினான். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டான். பட்டப்பகலில் அந்தக் கதவுக்குக் கொக்கி விழுந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

“இது ஆருக்கெல்லாம் தெரியும்?”

“டொக்டருக்கு மட்டும்தான்.”

“என்ரை பேரைக் கேட்டவரோ?”

“இல்லை.”

“அம்மாவுக்குச் சொன்னியோ? உண்மையைச் சொல்லு.”

“ஐயோ, இல்லை.”

அவன் ஒரு கையை இறுகப் பொத்தினான். இத்தனை வருடத்தில் அவளை ஒருநாளும் அடிக்காத கைதான். அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது. அவள் அப்படியே நிலத்தில் முழந்தாளிட்டாள்.

“றொஷேலாணை சொல்லுறன், உங்களைத் தவிர வேற ஒருத்தரின்ரை நிழலும் என்னிலை பட்டதில்லை. அந்த டொக்டர் சொன்னது பிழை. என்னை நம்புங்கோ.”

டிலோஜன் ஒன்றும் விளங்காதவனாக அவளைப் பார்த்தான். விளங்கியதும், கதிரையில் பொத்தென்று இருந்து முகத்தைத் துடைத்தான். இரவு கொழும்புக்கு எடுக்கவேண்டிய பஸ்ஸின் திறப்புக் கொத்து அவன் மற்றக் கைக்குள் கிலுகிலுத்தது.

“டொக்டர் சொன்னது சரி, ஜெசி. லைசன்ஸ் எடுக்கேக்கை, அந்தப் புள்ளிப் புத்தகத்தை நான் பாடமாக்கிக்கொண்டு போனனான்.”